சுட்டபின் சல்யூட்! ஆன்லைன் கேம் அணிகளின் வம்பும் நட்பும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்ற வீடுகளில் சில வாரங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஹெட்போன் மாட்டிக் கொண்டு கேம் விளையாடும் மகனோ மகளோ திடீரென்று எதையோ டைப் செய்வார். உடனே பதில் வரும். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். எட்டிப் பார்த்தால், எதிரணியில் உள்ள யாரோ ஒருவர், "முதலில் கப்பல் ஓட்டக் கற்றுக்கொண்டு வா, பிறகு சண்டை போடலாம்" என்ற ரீதியில் வம்புக்கு இழுத்திருப்பார். முகம் தெரியாதவர்களுடன் இப்படிச் சண்டை போடலாமா என்று பெற்றோருக்குக் கவலை வரும். பிள்ளைகளைக் கேட்டால், "இதெல்லாம் சும்மா, ஜாலிக்கு" என்பார்கள்.

உண்மையில் இது ஜாலிதானா? எதுவரை ஜாலி? எங்கே அது எல்லை மீறுகிறது? ஆன்லைன் கேம் பக்கம் கால் வைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. இதைப் புரிந்துகொள்ள, அணிச் சண்டைக்கு உலகப் புகழ் பெற்ற ஒரு கேமை எடுத்துக் கொள்வோம். அதன் பெயர் ஈவ் ஆன்லைன். இந்த கேமில் பகை ஒரு மேட்சுடன் முடிவதில்லை, ஆண்டுக்கணக்கில் தொடரும். கேலியும் அப்படித்தான். அந்தக் கேலிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர்கள் பட்டுத்தான் கற்றுக் கொண்டார்கள்.

கிளான் என்றால் என்ன?

ஆன்லைன் கேம்களில் சேர்ந்து விளையாடும் குழுவை கிளான் என்று அழைக்கிறார்கள். 1996ம் ஆண்டு வெளியான க்வேக் போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்களின் காலத்திலேயே இந்தச் சொல் பரவிவிட்டது. ஒரே கிளானில் இருப்பவர்கள் தங்கள் கேம் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ இரண்டு, மூன்று எழுத்துகளைச் சேர்த்துக் கொள்வார்கள். அதற்கு டேக் என்று பெயர். டேக்கைப் பார்த்தாலே யார் எந்த அணி என்று தெரிந்துவிடும். சில கேம்களில் கிளானுக்குப் பதில் கில்டு என்பார்கள்.

ஈவ் ஆன்லைனில் இதற்குப் பெயர் கார்ப்பரேஷன். பல கார்ப்பரேஷன்கள் சேர்ந்தால் அலையன்ஸ். பல அலையன்ஸ்கள் கைகோர்த்தால் கூட்டணி. பெரிய கூட்டணிகளில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். தலைவர், கணக்குப் பிள்ளை, படைத் தளபதி, தூதர், உளவாளி என்று எல்லாப் பதவிகளும் உண்டு. இவர்கள் யாரும் கம்ப்யூட்டர் உருவாக்கிய பாத்திரங்கள் அல்ல. எல்லாருமே நம்மைப் போல வீட்டில் உட்கார்ந்து விளையாடும் மனிதர்கள்.

ஒரே உலகம்

ஈவ் ஆன்லைன், ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யாவிக் நகரில் உள்ள சி.சி.பி. நிறுவனம் உருவாக்கிய விண்வெளி கேம். 2003ம் ஆண்டு மே மாதம் வெளியானது. 7,000க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் இதில் உள்ளன. கப்பல் வாங்கலாம், சுரங்கம் தோண்டலாம், வியாபாரம் செய்யலாம், கொள்ளையும் அடிக்கலாம்.

பெரும்பாலான ஆன்லைன் கேம்கள் விளையாடுபவர்களைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும். ஒரு சர்வரில் இருப்பவர் அடுத்த சர்வரில் இருப்பவரைச் சந்திக்கவே முடியாது. ஈவ் அப்படியல்ல. தனி சர்வர் கொண்ட சீனாவைத் தவிர மற்ற நாட்டினர் அனைவரும் ஒரே உலகில்தான் விளையாடுகிறார்கள். எனவே இன்று உங்களை ஏமாற்றியவரை அடுத்த ஆண்டும் அதே உலகில் பார்ப்பீர்கள். நல்ல பெயரும் கெட்ட பெயரும் கூடவே வரும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இங்கு கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். மறுபடி வேண்டுமென்றால் புதிதாக வாங்க வேண்டும். கேமில் புழங்கும் பணத்துக்கு ஐ.எஸ்.கே. என்று பெயர். ஐஸ்லாந்து நாட்டின் உண்மையான நாணயத்தின் குறியீடும் இதே மூன்று எழுத்துகள்தான் என்பது ஒரு சின்ன நகைச்சுவை. இழப்பு உண்மையாக வலிப்பதால் தோற்றவரைச் சீண்டுவதும் ஜெயித்தவர் பீற்றிக் கொள்வதும் இங்கு கொஞ்சம் அதிகம்.

வம்பு எங்கே நடக்கிறது?

ஒரு மண்டலத்துக்குள் நுழைந்தவுடன் அங்கிருப்பவர்களின் பெயர்கள் அனைத்தும் ஒரு சாட் பெட்டியில் தெரியும். இதை லோக்கல் என்கிறார்கள். நண்பர், எதிரி, வழிப்போக்கர் எல்லாரும் இதில் எழுதலாம். சண்டை நடக்கும்போதே இதில் நக்கலும் நடக்கும். இதற்கு ஸ்மாக் டாக் என்று பெயர். கபடி ஆட்டத்தில் பாடிக் கொண்டே வந்து எதிரணியைச் சீண்டுவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

சண்டை முடிந்ததும் இரு தரப்பும் லோக்கலில் "ஜி.எஃப்." என்று இரண்டே எழுத்துகளை டைப் செய்வது வழக்கம். நல்ல சண்டை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இது. கப்பலை இழந்தவர் முதலில் இதை எழுதினால் அவருக்கு மதிப்பு கூடும். பதிலுக்குத் திட்டினால் அந்தத் திட்டே பல நாட்களுக்குக் கேலிப் பொருளாகிவிடும்.

அடுத்தது கில்மெயில். ஒரு கப்பல் வெடித்தவுடன் யார் சுட்டார், என்ன கப்பல், அதில் என்னென்ன கருவிகள், என்ன சரக்கு என்று ஓர் அறிக்கை தானாகவே தயாராகிவிடும். இவற்றைத் தொகுத்துப் பட்டியலிடும் வெப்சைட்டுகளும் உண்டு. தவறான கருவிகளைப் பொருத்திக் கொண்டு சண்டைக்கு வந்தவரின் மானம் இங்கு கப்பலேறும்.

2010ம் ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். கேமில் சந்தா காலத்தைப் பிளெக்ஸ் என்ற பொருளாக வாங்கி விற்கலாம். அப்போது ஒரு பிளெக்ஸ் 30 நாள் சந்தாவுக்குச் சமம். ஒருவர் 74 பிளெக்ஸ்களை, அதாவது ஆறு ஆண்டுச் சந்தாவை, கெஸ்ட்ரல் என்னும் மலிவான சின்னக் கப்பலில் ஏற்றிக் கொண்டு கிளம்பினார். ஜிட்டா என்ற பெரிய சந்தை மண்டலத்தில் அதைச் சுட்டுவிட்டார்கள். உண்மைப் பண மதிப்பில் 1,200 டாலருக்கு மேல் புகையாகப் போனது. சுட்டவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லாம் வெடித்துவிட்டது. "ஆட்டோவில் தங்கக் கட்டி ஏற்றியவர்" என்று நம் ஊரில் சொல்வது போல, அந்தக் கில்மெயில் பல ஆண்டுகளுக்கு உதாரணமாகிவிட்டது.

வம்பு சில நேரம் திருவிழாவாகவும் மாறும். 2012ம் ஆண்டு ஏப்ரலில் கூன்ஸ்வார்ம் என்ற அணியினர், இதே ஜிட்டா சந்தையைச் சில நாட்கள் எரிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்து, சரக்குக் கப்பல்களைச் சுட்டுத் தள்ளினார்கள். சி.சி.பி. நிறுவனம் தடுக்கவில்லை. கூட்டத்தைத் தாங்கும் அளவுக்கு சர்வரைப் பலப்படுத்திக் கொடுத்தது!

தேனீக்களும் மூத்தவர்களும்

ஈவ் வரலாற்றில் மிகவும் பேசப்படும் பகை, பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற அலையன்ஸுக்கும் மேலே சொன்ன கூன்ஸ்வார்முக்கும் நடந்தது.

பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் அனுபவசாலிகளின் அணி. கட்டுப்பாடு அதிகம், பணமும் பெரிய கப்பல்களும் அதிகம். டெல்வ் என்ற பகுதி அவர்களின் கோட்டை. 2006ம் ஆண்டு டிசம்பரில், அந்த கேமில் கட்டப்பட்ட முதல் டைட்டன் கப்பலை அழித்தவர்கள் இவர்கள்தான். டைட்டன் என்பது கேமிலேயே மிகப் பெரிய கப்பல் வகை. அதை ஓட்டியவர் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்து கேமை விட்டு வெளியேறிவிட்டார். ஆனால் சண்டையில் ஈடுபட்ட கப்பல், ஆள் வெளியேறினாலும் உடனே மறையாது. எதிரிகள் தேடிக் கண்டுபிடித்து அழித்துவிட்டார்கள். அந்த உடைந்த கூட்டை 'ஸ்டீவ்' என்ற பெயரில் நினைவுச் சின்னமாக நிறுவனம் கேமிலேயே விட்டு வைத்தது.

கூன்ஸ்வார்ம் இதற்கு நேர் எதிர். ஓர் அமெரிக்க நகைச்சுவை வெப்சைட்டின் உறுப்பினர்கள் சேர்ந்து உருவாக்கியது. பெரும்பாலோர் புதியவர்கள். அவர்களிடம் பெரிய கப்பல் இல்லை. ஆள் பலம் இருந்தது. ரிஃப்டர் போன்ற மலிவான சின்னக் கப்பல்களில் கூட்டம் கூட்டமாக வந்து மொய்ப்பார்கள். அதனாலேயே தேனீ அவர்கள் சின்னமானது. "நாங்கள் கத்துக்குட்டிகள்தான், அதனால் என்ன?" என்பது போன்ற அவர்களின் அலட்சியமே மூத்தவர்களுக்கு எரிச்சலூட்டியது.

இதற்கிடையில் 2007ம் ஆண்டு ஒரு முறைகேடு வெளிவந்தது. சி.சி.பி.யில் பணிபுரிந்த ஒருவர் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் பக்கம் விளையாடிக் கொண்டு, மதிப்பு மிக்க பொருட்களை முறைகேடாக உருவாக்கிக் கொண்டது தெரிந்தது. எதிரணிக்கு இதைவிட நல்ல கேலிப் பொருள் கிடைக்குமா? அதன் பிறகு அந்த அணி எந்த வெற்றி பெற்றாலும், "அம்பயர் உங்கள் ஆள்தானே" என்ற தொனியில் கிண்டல் தொடர்ந்தது. இதில் நியாயமான கோபமும் இருந்தது. நிறுவனம் உள் விசாரணைக்கென்று தனிப் பிரிவு அமைத்தது. 2008ம் ஆண்டு முதல், விளையாடுபவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு கவுன்சிலும் வந்தது.

2009ம் ஆண்டு பிப்ரவரியில் யாரும் எதிர்பாராத முடிவு வந்தது. பேண்ட் ஆஃப் பிரதர்ஸின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஒருவர் கூன்ஸ்வார்ம் பக்கம் தாவினார். தாவும் முன் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி அலையன்ஸையே கலைத்துவிட்டார். சில மெனு கட்டளைகளில் வேலை முடிந்தது. அலையன்ஸ் இல்லை என்றால் அதன் பெயரில் இருந்த ஆட்சி உரிமையும் இல்லை. பல ஆண்டுகளாகப் படைகளால் முடியாததை ஒரு மவுஸ் முடித்தது.

இது ஏமாற்று வேலை அல்லவா என்று கேட்கலாம். ஆனால் கேமின் விதிப்படி இது அனுமதிக்கப்பட்டதே. யாருடைய பாஸ்வேர்டும் திருடப்படவில்லை, சாஃப்ட்வேர் ஓட்டை எதுவும் பயன்படுத்தப்படவில்லை. நம்பி ஒப்படைத்த அதிகாரத்தை ஒருவர் தவறாகப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். துரோகமும் உளவும் இந்த விளையாட்டின் பகுதிகள் என்றே நிறுவனம் கருதியது. தோற்றவர்கள் வேறு பெயரில் மீண்டும் அணி சேர்ந்தார்கள்.

ஜெயித்தவர்களின் சிரிப்பும் நீடிக்கவில்லை. பிடித்த பகுதியை வைத்துக் கொள்ளக் கட்டணம் செலுத்த வேண்டும். 2010ம் ஆண்டுத் தொடக்கத்தில் கூன்ஸ்வார்ம் தலைமை அந்தக் கட்டணத்தைக் கட்டத் தவறியது. கஷ்டப்பட்டுப் பிடித்த டெல்வ் கைவிட்டுப் போனது. இப்போது சிரிப்பது எதிரிகளின் முறை.

கட்டாத பில், நொறுங்கிய 75 டைட்டன்கள்

பில் கட்ட மறந்த கதை அத்துடன் முடியவில்லை. 2014ம் ஆண்டு ஜனவரி 27ம் தேதி, பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்துக்கான கட்டணம் செலுத்தப்படாமல் போனது. அது ஒரு கூட்டணியின் கப்பல்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த முக்கியமான இடம். கட்டணம் போகவில்லை என்றதும் ஆட்சி உரிமை போய்விட்டது. எதிரிகள் பாய்ந்தார்கள்.

சண்டை சுமார் 21 மணி நேரம் நடந்தது. மொத்தம் 7,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். இத்தனை பேர் ஒரே இடத்தில் குவிந்தால் சர்வர் திணறும் அல்லவா? அதற்காகக் கேமின் கடிகாரத்தையே மெதுவாக்கும் வசதி ஒன்று உண்டு. அன்று கேம் நேரம் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடியது. ஒரு நொடியில் நடக்க வேண்டியது நடக்க 10 நொடி ஆனது. தினசரிப் பராமரிப்புக்கு சர்வரை நிறுத்தும் நேரம் வந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

75 டைட்டன்கள் அழிந்தன. அவற்றில் 59 ஒரு தரப்புடையவை, 16 மறு தரப்புடையவை. இழப்பின் மதிப்பு சுமார் 11 லட்சம் கோடி ஐ.எஸ்.கே. டாலரில் 3 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். யாரும் அவ்வளவு பணத்தைப் பாக்கெட்டிலிருந்து கொடுத்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பிளெக்ஸ் விலையை வைத்து, கேம் பணத்தை டாலராக மாற்றிப் பார்த்த கணக்கு இது. ஆனால் அதைச் சம்பாதிக்கப் பல பேர் செலவழித்த நேரம் உண்மையானது.

இப்படிப்பட்ட போர்களுக்குப் பெயர் வைப்பதில் கூடச் சண்டை உண்டு. 2016ம் ஆண்டு கூன்ஸ்வார்ம் கூட்டணிக்கு எதிராகப் பலர் திரண்டார்கள். படைகளுக்குப் பணம் கொடுத்தவர்களில் கேம் பணத்தில் சூதாட்ட வெப்சைட் நடத்தியவர்கள் இருந்தார்கள். அதனால் கூன்ஸ்வார்ம் தரப்பு அதை 'கேசினோ போர்' என்றது. எதிரிகளோ, தேனீக்களை விரட்டிய போர் என்பதால், உலகப் போர் என்ற சொல்லைக் கேலியாகத் திருப்பி 'வேர்ல்டு வார் பீ' என்றார்கள். தோற்ற தேனீக்கள் போய்க் குடியேறிய இடம் எது தெரியுமா? டெல்வ். தங்கள் பழைய எதிரியின் கோட்டை!

2020ம் ஆண்டு ஜூலையில் அங்கேயும் போர் தேடி வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த ஒரு சண்டையில் 8,825 பேர் பங்கேற்று கின்னஸ் சாதனை படைத்தார்கள். டிசம்பர் கடைசியில் நடந்த இன்னொரு சண்டையில் 257 டைட்டன்கள் அழிந்தன. 2014ம் ஆண்டுச் சண்டையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2021ம் ஆண்டு ஆகஸ்டில், முற்றுகை இட்டவர்கள் பின்வாங்கினார்கள்.

கோடு எங்கே?

இதுவரை படித்ததில் திருட்டு, துரோகம், உளவு, கேலி எல்லாம் வந்துவிட்டன. எல்லாவற்றையும் அனுமதிக்கும் இந்த உலகில் எதுதான் தவறு?

2012ம் ஆண்டு மார்ச் மாதம் அந்தக் கேள்வி நேரடியாக வந்தது. ரெய்க்யாவிக் நகரில் ஈவ் ரசிகர்கள் கூடும் ஃபேன்ஃபெஸ்ட் விழா நடந்தது. போர்க்களத்து எதிரிகள் ஒரே மேடையில் உட்கார்ந்து பேசும் விழா அது. அங்கு பேசிய ஒரு பெரிய கூட்டணியின் தலைவர், தற்கொலை எண்ணத்தில் தவிப்பதாகச் சொன்ன ஒரு விளையாட்டுக்காரரைக் கேலி செய்தார். அவருடைய கேம் பெயரையும் சொல்லி, போய்த் தொல்லை கொடுங்கள் என்ற அர்த்தத்தில் பேசினார். கூட்டத்தில் சிரிப்பும் எழுந்தது.

ஆனால் வெளியே கடும் கண்டனம் கிளம்பியது. இவ்வளவுக்கும் அவர் விளையாடுபவர்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலின் தலைவர். அவர் மன்னிப்புக் கேட்டார். கவுன்சில் தலைவர் பதவியை விட்டு விலகினார். சி.சி.பி. நிறுவனம் அவரை 30 நாட்கள் கேமில் நுழையவிடாமல் தடை செய்தது. ஒரு அலையன்ஸையே ஒரே நாளில் கவிழ்க்க அனுமதித்த அதே நிறுவனம், மேடையில் பேசிய சில வாக்கியங்களுக்குத் தண்டனை கொடுத்தது. வித்தியாசம் புரிகிறதா? முன்னது கப்பலையும் கஜானாவையும் குறி வைத்தது. பின்னது கப்பலை ஓட்டும் மனிதரைக் குறி வைத்தது.

2014ம் ஆண்டு இந்தக் கோடு இன்னும் தெளிவானது. ஏமாந்த ஒருவரை, இழந்ததைத் திருப்பித் தருவதாக ஆசை காட்டி, வாய்ஸ் சாட்டில் மணிக்கணக்கில் பாட வைத்தும் பேச வைத்தும் அவமானப்படுத்திய சம்பவம் வெளிவந்தது. அது நடந்தது கேமுக்குள் அல்ல, வெளியில் உள்ள வேறொரு சாஃப்ட்வேரில். ஆனாலும், மனிதரைத் துன்புறுத்துவது எங்கே நடந்தாலும் நடவடிக்கை உண்டு என்று நிறுவனம் அறிவித்தது.

எதிரிகள் வைத்த பெயர்

அதே 2012ம் ஆண்டு செப்டம்பரில் இதற்கு மறுபக்கமும் தெரிந்தது. கூன்ஸ்வார்மில் வைல் ராட் என்ற பெயரில் ஒருவர் விளையாடினார். அணியின் தலைமைத் தூதர் அவர். எதிரிகளோடு பேசி ஒப்பந்தம் போடுவதும், பகையைக் கூட்டணியாக மாற்றுவதும் அவர் வேலை. அணி வேறுபாடு இல்லாமல் எல்லாரும் அவரை அறிந்திருந்தார்கள்.

நிஜ வாழ்க்கையில் அவர் பெயர் ஷான் ஸ்மித். அமெரிக்க வெளியுறவுத் துறையில் தகவல் தொழில்நுட்ப அதிகாரி. 2012ம் ஆண்டு செப்டம்பர் 11ம் தேதி லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதரக அலுவலகம் தாக்கப்பட்டபோது உயிரிழந்த நால்வரில் அவரும் ஒருவர். தாக்குதல் தொடங்கிய நேரத்தில் கூட அவர் ஆன்லைனில் அணி நண்பர்களோடு தொடர்பில் இருந்தார்.

செய்தி பரவியதும் ஈவ் உலகம் அசைவற்று நின்றது. தங்களுக்குச் சொந்தமான விண்வெளி நிலையங்களின் பெயரை மாற்றும் வசதி அலையன்ஸ்களுக்கு உண்டு. ஏராளமான நிலையங்கள் அவர் நினைவாகப் பெயர் மாற்றப்பட்டன. அவருடைய அணியினர் மட்டுமல்ல, அவரோடு ஆண்டுக்கணக்கில் மோதியவர்களும் இதைச் செய்தார்கள். அவருடைய குடும்பத்துக்காக ஒரு லட்சம் டாலருக்கு மேல் நிதி சேர்ந்தது. முதல் நாள் வரை லோக்கலில் திட்டிக் கொண்டிருந்தவர்கள் அன்று சல்யூட் குறியை மட்டும் டைப் செய்தார்கள்.

இவ்வளவு நாள் வைத வாய்க்கு இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தால், அந்த வசவிலேயே அது இருந்தது. தினமும் வம்பு வளர்க்க ஒருவர் வேண்டும் என்றால், அவர் நாளைக்கும் வர வேண்டும் என்று நாம் விரும்புகிறோம் என்றுதானே பொருள்? நல்ல எதிரி இல்லாமல் நல்ல ஆட்டம் கிடையாது.

இப்போது ஈவ் விளையாடுபவர்கள் மனச் சோர்வில் இருப்போருக்குக் கைகொடுக்க பிராட்காஸ்ட் ஃபார் ரெப்ஸ் என்ற முயற்சியையும் நடத்துகிறார்கள். சண்டையில் அடி வாங்கும் கப்பல், பழுது பார்க்க உதவி கேட்டு அனுப்பும் சிக்னலின் பெயர் அது. கப்பலுக்குக் கேட்கலாம் என்றால் மனிதருக்கும் கேட்கலாம் என்பதுதான் அதன் கருத்து.

அடிக்கடி காதில் விழும் சொற்கள்

ஜி.எஃப்.: நல்ல சண்டை. ஜெயித்தாலும் தோற்றாலும் எழுதலாம்.

ஓ7: ஆங்கில ஓ எழுத்தும் 7 என்ற எண்ணும். ஓ என்பது தலை, 7 என்பது நெற்றிக்கு உயர்த்திய கை. அதாவது சல்யூட்.

நியூபீ: கேமுக்குப் புதியவர். இதில் இழிவு இல்லை.

நூப்: கற்றுக் கொள்ளவே மறுப்பவர். இது கிண்டல்.

ப்ளூ: நட்பு அணியைச் சேர்ந்தவர். பெயருக்கு அருகில் நீல நிறக் குறி இருக்கும்.

லேக்: இணைப்போ சர்வரோ மெதுவாவதால் ஏற்படும் தாமதம். தோற்றவர்கள் அதிகம் சொல்லும் காரணமும் இதுதான்!

சேரும் முன் கவனியுங்கள்

ஈவ் ஆன்லைன் 2016ம் ஆண்டு நவம்பர் முதல் சில கட்டுப்பாடுகளுடன் இலவசமாகவும் விளையாடக் கிடைக்கிறது. அமெரிக்க வகைப்பாட்டில் 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான கேம் இது. இதில் சேர்ந்தாலும், வேறு எந்த கேமில் கிளானில் சேர்ந்தாலும், கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

1. முதலில் கற்றுத் தரும் அணியில் சேருங்கள். ஈவில் 2004ம் ஆண்டு முதல் ஈவ் யுனிவர்சிட்டி என்ற அணி புதியவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறது. நடத்துபவர்களும் விளையாடுபவர்களே.

2. சில நாட்கள் சாட்டில் எழுதாமல் படிக்க மட்டும் செய்யுங்கள். அந்த அணி தோற்றபோது எப்படிப் பேசுகிறது என்று கவனியுங்கள். ஜெயிக்கும்போது எல்லாரும் நல்லவர்களே.

3. கேம் பெயர் வேறு, நிஜப் பெயர் வேறாக இருக்கட்டும். ஊர், பள்ளி, போன் நம்பர், போட்டோ எதையும் தராதீர்கள். எவ்வளவு நெருங்கிய அணி நண்பர் ஆனாலும் பாஸ்வேர்டு மட்டும் கூடாது. கேம் அக்கவுண்டில் இரண்டு கட்டப் பாதுகாப்பு வசதி இருந்தால் அதையும் ஆன் செய்துவிடுங்கள்.

4. வாய்ஸ் சாட்டுக்காக ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்யச் சொன்னால், அதை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே டவுன்லோட் செய்யுங்கள். சாட்டில் யாரோ கொடுக்கும் லிங்க்கை நம்ப வேண்டாம்.

5. இழந்தால் தாங்க முடியாத கப்பலை ஓட்டாதீர்கள். இது ஈவ் விளையாடுபவர்களின் பால பாடம். நிஜப் பணத்தைப் போட்டு வாங்கிய பொருளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

6. கேலி உங்கள் கப்பலையும் ஆட்டத்தையும் பற்றியது என்றால் சிரித்துவிட்டுப் பதில் கொடுங்கள். சாதி, மதம், நாடு, குடும்பம், உடல் என்று திரும்பினால் பதில் எழுத வேண்டாம். திரையைப் படம் பிடித்து வைத்துக் கொண்டு, அந்தப் பெயரை பிளாக் செய்து, நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள்.

7. பெற்றோர்களே, "யாரோடு பேசுகிறாய்?" என்று அதட்டுவதைவிட, "இன்று யார் ஜெயித்தது?" என்று கேளுங்கள். மற்றவை தானாக வெளிவரும்.

ரெய்க்யாவிக் நகரின் பழைய துறைமுகத்தில் 2014ம் ஆண்டு ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஈவ் விளையாடிக் கொண்டிருந்தவர்களின் கேம் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பி-ஆர்5ஆர்பியில் சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும், ஏமாற்றியவர்களும் ஏமாந்தவர்களும் அதில் அருகருகே இருக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது கீபோர்டில் வம்பு வளர்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடைசியில் "ஜி.எஃப்." என்று டைப் செய்தால் கவலைப்பட வேண்டாம். செய்யவில்லை என்றால், செய்யச் சொல்லிக் கொடுங்கள்.